ஸ்ட்ரேசாவுக்கு அரை நாள் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வட இத்தாலியின் ஏரிகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் சுற்றுலாப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். மஜ்ஜோரே ஏரியின் மேற்குக் கரையில் உள்ள ஸ்ட்ரேசா என்ற சிற்றூரைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியதற்காகக் கட்டுரையாளருக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஆயினும், மிலானிலிருந்து காலையில் கிளம்பி, இஸோலா பெல்லா என்ற ஒரே ஒரு தீவைப் பார்த்து, ரோப்காரில் மலையேறிவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம், இந்த ஊருக்கு அரை நாள் தாராளம் என்று அவர் எழுதியிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்ட்ரேசாவில் தங்கி, அதன் தீவுகளை வெவ்வேறு பொழுதுகளில் பார்த்தவன் என்ற முறையில், அங்கே குறைந்தது இரண்டு இரவுகள் தங்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அரை நாள் பயணத்தில் என்ன நடக்கிறது என்பதை ஸ்ட்ரேசாவின் படகுத்துறையில் ஒரு காலைப்பொழுது நின்றாலே கண்டுகொள்ளலாம். மிலானிலிருந்து வரும் பேருந்துகளும் ரயில்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்குகின்றன. அத்தனை பேரும் ஒரே படகுகளில் ஏறி, ஒரே வாசலில் வரிசையில் நின்று, மாளிகையின் அறைகளுக்குள் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி நடந்து, தோட்டத்தின் உச்சியில் படம் எடுத்துக்கொண்டு, உச்சிவெயிலில் சாப்பிட இடம் தேடி அலைந்து, மாலைக்கு முன்பே கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் போன பிறகுதான் அந்த ஊரே மூச்சுவிடுகிறது. கரையோர நடைபாதையில் உள்ளூர்ப் பெரியவர்கள் வந்து அமர்வதும், மலைகளின் நிழல் ஏரியின் மேல் கிழக்கு நோக்கி நீண்டு செல்வதும், எதிர்க்கரையின் மலைமுகடுகளில் மட்டும் கடைசி வெயில் ஒட்டிக்கொண்டிருப்பதும் அதன் பிறகுதான். மிலான் சென்ட்ரல் நிலையத்திலிருந்து சுமார் ஒரு மணி நேரத்தில் ரயிலில் வந்துவிடலாம் என்ற வசதியே இந்த ஊருக்குக் கேடாக அமைந்துவிட்டதோ என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

ஸ்ட்ரேசா எப்படி உல்லாச நகரமானது என்பதைக் கட்டுரை ஒரு வரியில் கடந்துவிட்டது. அது ஒரு மீனவக் கிராமம். பொரோமியோ என்ற மிலானியப் பிரபுக் குடும்பத்தின் ஆட்சியில் நெடுங்காலம் இருந்தது. அதன் தலையெழுத்தை மாற்றியது நெப்போலியனின் பீரங்கிகள் என்று சொன்னால் மிகையாகாது. ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிப் படைகளையும் பீரங்கிகளையும் இத்தாலிக்குள் விரைவாகக் கொண்டுவர வேண்டும் என்பதற்காக அவர் ஸ்விட்சர்லாந்தையும் இத்தாலியையும் இணைக்கும் சிம்ப்ளான் கணவாய் வழியே 1801 முதல் 1805 வரை போடச் செய்த சாலை, இந்தக் கரையை ஒட்டியே மிலானுக்குச் செல்கிறது. போர்கள் ஓய்ந்ததும், பீரங்கிக்காகப் போட்ட அதே சாலையில் ஐரோப்பாவின் செல்வந்தர்கள் குதிரை வண்டிகளில் வரத் தொடங்கினார்கள். 1826இல் 'வெர்பானோ' என்ற முதல் நீராவிக் கப்பல் ஏரியில் ஓடியது. 1863இல், ஸ்ட்ரேசாவுக்கு எதிரே ஏரியில் உள்ள பொரோமியத் தீவுகளின் பெயரைத் தாங்கிய பெரிய ஹோட்டல் கரையில் எழுந்தது. 1906இல், அன்றைய உலகின் மிக நீளமான ரயில் சுரங்கமான, ஏறக்குறைய 20 கிலோமீட்டர் நீளமுள்ள சிம்ப்ளான் சுரங்கம் திறக்கப்பட்டபோது, பாரிஸிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருபவர்களுக்கு ஆல்ப்ஸைக் குடைந்து வெளியே வந்ததும் கண்ணில் படும் முதல் இத்தாலிய ஏரியாக இது ஆகிவிட்டது. முதல் உலகப் போருக்குப் பிறகு சிம்ப்ளான் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் என்ற சொகுசு ரயில் இந்தப் பாதையில்தான் ஓடியது. போரில் காயமடைந்து தேறிவந்த அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே, தம் இளம் வயதில், 1918இல் இங்கேதான் ஓய்வெடுத்தார்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்று படகில் ஏறி எளிதாகக் கடந்துவிடும் இந்த நீர்ப்பரப்பு 1859 வரை இரண்டு அரசுகளுக்கு இடையிலான எல்லையாக இருந்தது. ஸ்ட்ரேசா இருக்கும் மேற்குக் கரை சார்தீனிய அரசுக்கு உரியது. எதிரே தெரியும் கிழக்குக் கரை ஆஸ்திரியர் ஆண்ட லொம்பார்தி. ஒன்றுபட்ட இத்தாலி என்ற நாடே அதன் பிறகு, அந்தச் சார்தீனிய அரச குடும்பத்தின் கீழ் உருவானதுதான் என்பது நினைவில் இருந்தால், கரையோர மாளிகைகளில் சில ஏன் அரச குடும்பத்தாருக்கும் அரசியல்வாதிகளுக்கும் உரியவையாக இருந்தன என்பது விளங்கும்.

இஸோலா பெல்லாவைப் பற்றி, 'படம் எடுக்க ஏற்ற அழகிய மாளிகை' என்பதோடு கட்டுரையாளர் நிறுத்திக்கொண்டார். கரையிலிருந்து அரை கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் இருக்கும் அந்தத் தீவு, முதலில் சில மீனவர் வீடுகள் மட்டுமே இருந்த ஒரு பாறைத் திட்டு. 1632ஆம் ஆண்டு மூன்றாம் கார்லோ பொரோமியோ தம் மனைவி இசபெல்லாவின் பெயரால் அங்கே மாளிகை கட்டத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்த ஆறாம் வித்தாலியானோ அந்தப் பணியைப் பெரும் முனைப்போடு தொடர்ந்தார். பாறை மேல் மரம் வளராது. ஆகவே கரையிலிருந்து மண்ணைப் படகு படகாகக் கொண்டுவந்து கொட்டி, பத்து அடுக்குகளாக ஒரு தோட்டத்தை எழுப்பினார்கள். அதன் உச்சியில் குடும்பச் சின்னமான ஒற்றைக்கொம்புக் குதிரை நிற்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் முன்புறம் மாளிகையும் பின்புறம் அடுக்குத் தோட்டமுமாகத் தீவு முழுவதுமே நங்கூரமிட்ட ஒரு கப்பலைப் போலத் தோன்றும். முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே குடும்பத்தின் கையில் இருந்துவரும் இந்த மாளிகையின் பெரிய மண்டபம், 20ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் முடிக்கப்பட்டது. முன்னோர் வரைந்து வைத்த திட்டத்தை இத்தனை தலைமுறை கழித்து ஒரு வாரிசு எடுத்து நிறைவேற்றினார் என்பது எனக்கு அந்த மண்டபத்தின் அலங்காரத்தைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. 1797இல் நெப்போலியன் தம் மனைவி ஜோசஃபினுடன் வந்து தங்கிய அறையை இன்றும் காட்டுகிறார்கள்.

மாளிகையின் கீழ்த்தளத்தில், ஏரியின் மட்டத்துக்கு அருகே, குகையைப் போல அமைத்த ஆறு அறைகள் இருக்கின்றன. கூட்டமாக வருபவர்கள் இவற்றை வெளியே போகும் வழியாக மட்டுமே கருதி விரைந்து கடந்துவிடுகிறார்கள். சுவரின் அருகே சென்று பார்த்தால்தான் அது என்ன வேலை என்று புரியும். நகத்தளவிலிருந்து முட்டையளவு வரையிலான கருப்பு, வெள்ளை, சாம்பல் நிறக் கூழாங்கற்களைச் சாந்தில் ஒவ்வொன்றாகப் பதித்து, கொடிகளும் சிப்பிகளும் அலைகளுமாகச் சுவர், வளைவு, கூரை எல்லாவற்றையும் நிறைத்திருக்கிறார்கள். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே விரல்நுனி நுழைய இடமில்லை. கோடையின் வெக்கையில் விருந்தினர்கள் வந்து அமர்வதற்காகவே கட்டப்பட்ட அறைகள் இவை; வெளியே வெயில் கொளுத்தும் நேரத்தில் உள்ளே காலடி வைத்ததுமே அந்தக் குளிர்ச்சி கணுக்காலிலிருந்து ஏறுகிறது. 17ஆம் நூற்றாண்டில், மின்சாரமோ இயந்திரமோ இல்லாத காலத்தில், ஏரியின் ஈரத்தையும் கல்லின் தன்மையையும் மட்டும் நம்பி இதைச் செய்தவர்களுக்குத் தலை வணங்காமல் இருக்க முடியவில்லை.

அதே மாளிகையின் இசை மண்டபத்தில் 1935 ஏப்ரல் 11 முதல் 14 வரை நடந்த மாநாட்டைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லாதது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. ஸ்ட்ரேசாவின் பெயர் வரலாற்று நூல்களில் இடம்பெறுவதே அந்த மாநாட்டால்தான். ஹிட்லர் கட்டாய ராணுவச் சேவையை அறிவித்து, முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் படைபலத்தைக் கட்டுப்படுத்திய வெர்சாய் ஒப்பந்தத்தை வெளிப்படையாக மீறிய சில வாரங்களில், முசோலினி, பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு, பிரெஞ்சுப் பிரதமர் ஃபிளாந்தேன், அவருடைய வெளியுறவு அமைச்சர் லவால் ஆகியோர் இங்கே கூடி, ஜெர்மனிக்கு எதிராக ஒன்றுபட்டு நிற்பதாக அறிவித்தார்கள். ஆஸ்திரியாவின் சுதந்திரத்தைக் காப்போம் என்றார்கள். ஆனால் முசோலினி அபிசீனியாவின் (இன்றைய எத்தியோப்பியா) மீது கண் வைத்திருப்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரிந்திருந்தும், மாநாட்டு மேசையில் அதை யாரும் எடுக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் அவர் அபிசீனியாவின் மீது படையெடுத்தார். ஸ்ட்ரேசா முன்னணி என்று அழைக்கப்பட்ட அந்தக் கூட்டணி ஓராண்டுகூடத் தாங்கவில்லை. மேசையைச் சுற்றி நாற்காலிகள் போட்டிருந்த அந்த மண்டபத்தில் இன்று நிற்பவர் ஜன்னல் வழியே பார்க்கும் ஏரி, அன்று அவர்கள் பார்த்த அதே ஏரிதான். வலிமை குறைந்த ஒரு நாட்டைப் பலிகொடுத்து வல்லரசுகள் தங்களுக்குள் இணக்கம் தேடிய இடம் என்று அறியாமல் அங்கிருந்து வெளியே வருவது, என்னைப் பொறுத்தவரை, அந்த அறையைப் பார்க்காததற்குச் சமம். தமிழ் வாசகர்கள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

கட்டுரை முற்றிலும் விட்டுவிட்ட இஸோலா மாத்ரே என்ற தீவுக்கு இப்போது வருகிறேன். மூன்று தீவுகளில் பெரியது இதுதான். அரை நாள் பயணிகள் இங்கே அநேகமாக வருவதில்லை. இஸோலா பெல்லாவின் தோட்டம் அளவுகோல் வைத்து அடுக்கியது போன்றது என்றால், இது ஆங்கிலேய முறையில் மரங்களைத் தம் போக்கில் வளரவிட்ட சோலை. வெள்ளை மயில்கள் புல்வெளியில் பயமின்றி நடமாடுகின்றன. அங்குள்ள பழைய மாளிகையில், பொரோமியோ குடும்பத்தினர் தங்கள் விருந்தினர்களுக்காக நடத்திய பொம்மலாட்ட அரங்குகளையும் பொம்மைகளையும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். மிலானின் ஸ்காலா இசைநாடக அரங்கத்துக்குக் காட்சித்திரைகள் வரைந்த சன்க்விரிக்கோவின் கைவண்ணம் அவற்றில் இருக்கிறது.

ஆல்ப்ஸின் பனிமலைகள் கண்ணுக்கெதிரே நிற்கும் இடத்தில் கமேலியாவும் எலுமிச்சையும் பனையும் எப்படித் தழைக்கின்றன என்று வியப்பவர்களுக்குப் பதில் ஏரியின் ஆழத்தில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 193 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஏரி சுமார் 370 மீட்டர் ஆழம் கொண்டது. அதாவது, பனிப்பாறைகள் குடைந்து வைத்த அதன் அடித்தளம் கடல் மட்டத்துக்கும் வெகுவாகக் கீழே இருக்கிறது. அவ்வளவு பெரிய நீர்த்தேக்கம் கோடையின் வெப்பத்தை உள்வாங்கி வைத்து, குளிர்காலத்தில் மெல்ல மெல்ல விடுகிறது. அமிலத்தன்மையுள்ள மண்ணும் தாராளமான மழையும் கூடச் சேர்ந்துகொள்ள, கமேலியாவுக்கும் அசேலியாவுக்கும் இதைவிட நல்ல இடம் அமையாது. இஸோலா பெல்லாவின் தோட்டத்தில் இருநூறு ஆண்டுகளைக் கடந்த கற்பூர மரம் ஒன்று நிற்கிறது. அதன் உதிர்ந்த இலையை எடுத்துக் கசக்கி முகர்ந்து பார்த்தால், அந்த மணத்தை நம்மவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இஸோலா மாத்ரேயில் மாளிகையின் முன்னே நிற்கும் காஷ்மீர் சைப்ரஸ் மரத்துக்காகவே அந்தத் தீவுக்குத் தனியாக ஒரு முறை போகலாம் என்பேன். பெயரில் காஷ்மீர் இருந்தாலும் அதன் தாயகம் பூட்டானும் கிழக்கு இமயமலையும்தான். 1862இல் இமயமலையிலிருந்து வந்த விதையில் முளைத்து வளர்ந்த இந்த மரம், நீலமும் சாம்பலும் கலந்த கிளைகளை நீர்வீழ்ச்சியாகத் தொங்கவிட்டுக்கொண்டு, ஐரோப்பாவிலேயே தன் இனத்தில் மிகப் பெரியது என்ற பெயரோடு நின்றது. 2006ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தீவின் மேல் வீசிய சூறைக்காற்று அதை வேரோடு சாய்த்துவிட்டது. விழுந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்துவதுதான் எங்கும் வழக்கம். இங்கே அப்படிச் செய்யவில்லை. வேர்கள் உலர்ந்துபோகாமல் காத்து, கிரேன்களைத் தீவுக்குக் கொண்டுவந்து, மரத்தைச் சிறிது சிறிதாக நிமிர்த்தி, எஃகு வடங்களால் நாலாபுறமும் இழுத்துக் கட்டி நிறுத்தினார்கள். இன்றும் அந்த வடங்கள் தண்டிலிருந்து தரைக்கு விறைப்பாக இறங்குவதைப் பார்க்கலாம். பழைய பொலிவு முழுமையாகத் திரும்பிவிடவில்லை. கிளைகளின் அடர்த்தி குறைந்திருக்கிறது. ஆனாலும் மரம் உயிரோடு இருக்கிறது, புதுத்தளிர் விடுகிறது. ஒரு மரத்துக்காக இவ்வளவு செலவும் உழைப்பும் தேவையா என்று அங்கே என் அருகில் நின்ற ஒருவர் கேட்டார். தேவைதான் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. அந்தத் தீவின் தோட்டக்காரர்களுக்கு அது வெறும் காட்சிப்பொருளாக இருந்திருந்தால் புதிய கன்று ஒன்றை நட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

மூன்றாவது தீவான மீனவர் தீவு மிகச் சிறியது. நீளவாக்கில் ஒரு குறுகிய தெரு, இருபுறமும் நெருங்கி நிற்கும் வீடுகள், பழைய தேவாலயம், அவ்வளவுதான். பிடித்த மீனை உலர்த்துவதற்காகக் கட்டிய நீண்ட மாடங்கள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. இலையுதிர் கால மழையில் ஏரி பெருகும்போது தண்ணீர் தெருவுக்கே வந்துவிடும். ஏரியின் தென்கோடியில் திச்சீனோ ஆறு வெளியேறும் இடத்தில் 1940களில் மியோரினா அணை கட்டி நீர்மட்டத்தை ஒழுங்குபடுத்திய பிறகும் பெருவெள்ளங்கள் வரத்தான் செய்கின்றன. உணவகங்கள் பெருகிவிட்டதால் நண்பகலில் அங்கே நிற்க இடமிருக்காது. ஆகவே மாலைப் படகில் போவது நல்லது.

படகுகளைப் பற்றி வாசகர்களுக்கு ஒரு எச்சரிக்கை அவசியம். ஸ்ட்ரேசாவின் துறையில் இரண்டு வகைப் படகுகள் இருக்கின்றன. ஒன்று, இத்தாலியப் போக்குவரத்து அமைச்சகத்தின் பொறுப்பில் இயங்கும் பொதுப் படகுப் போக்குவரத்து. கால அட்டவணைப்படி ஓடும், கட்டணம் பலகையில் எழுதப்பட்டிருக்கும், ஒரு நாள் முழுவதும் விரும்பிய துறைகளில் ஏறி இறங்கும் சீட்டும் கிடைக்கும். மற்றொன்று, தனியார் மோட்டார் படகுகள். இவையும் முறையாக உரிமம் பெற்றவைதான், அவசரத்துக்கு உதவும். ஆனால் ஒன்றின் சீட்டு மற்றொன்றில் செல்லாது. மாலுமித் தொப்பி அணிந்து வாயிலிலேயே நம்மை மறித்துக்கொண்டு சீட்டுக் கிழிப்பவர் அரசு அலுவலர் என்று நம்பி ஒரு தனியார் படகில் ஏறிய எங்கள் குழுவினர், திரும்பும்போது அந்தப் படகு வரும்வரை வெயிலில் நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தது. கண்ணெதிரே வந்து நின்று போன பொதுப் படகுகளில் அந்தச் சீட்டைக் காட்டி ஏற முடியவில்லை. பணம் கொடுப்பதற்கு முன், எந்தப் படகுக்கான சீட்டு, எந்தெந்தத் தீவுக்கு, திரும்பும் கடைசிப் படகு எப்போது என்ற மூன்றையும் கேட்டுக்கொள்வது நல்லது. மாளிகைகளின் நுழைவுச்சீட்டு வேறு, படகுச்சீட்டு வேறு என்பதையும் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும்.

படகில் போகும் பொழுதையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். காலையில் வடக்கிலிருந்து 'த்ராமொந்தானா' என்ற காற்று இறங்கும்; அது ஓய்ந்த பின், நண்பகலை ஒட்டித் தெற்கிலிருந்து 'இன்வெர்னா' எழும்பும். காலைக் காற்றில் வானம் துலங்கி, தொலைவிலுள்ள பனிமுகடுகள் தெளிவாகத் தெரியும். முதல் படகில் போகிறவர்களுக்கு மட்டுமே அந்தக் காட்சி வாய்க்கும். முதல் படகில் போக வேண்டுமானால் முந்தைய இரவு ஸ்ட்ரேசாவில் தங்கியிருக்க வேண்டும்.

படகில் வடக்கே செல்லும்போது பவேனோ ஊரின் பின்னால் மலை அறுக்கப்பட்டு இளஞ்சிவப்பு நிறத்தில் தெரியும். அது புகழ்பெற்ற கிரானைட் குவாரி. அதற்கும் அப்பால், தோச்சே ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள காந்தோல்யாவில்தான் மிலான் பேராலயத்துக்கான சலவைக்கல் வெட்டப்படுகிறது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அந்தக் கற்பாளங்களைப் படகுகளில் ஏற்றி, ஆற்றில் இறக்கி, இந்த ஏரியைக் கடந்து, திச்சீனோ ஆற்றின் வழியாகவும் கால்வாய் வழியாகவும் மிலான் நகரத்துக்குள்ளேயே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மிலானில் அந்தப் பேராலயத்தைப் பார்த்து மலைத்துவிட்டு ஸ்ட்ரேசாவுக்கு வருபவர்கள், அதன் ஒவ்வொரு கல்லும் வந்த நீர்வழியின் மேல்தான் தாங்கள் நிற்கிறோம் என்பதை அறிந்தால் எவ்வளவு மகிழ்வார்கள்! தெற்கே அரோனாவில், அந்த ஊரில் 1538இல் பிறந்து மிலானின் பேராயராக விளங்கிய புனித கார்லோ பொரோமியோவின் செம்புத் தகட்டுச் சிலை பீடத்தோடு சேர்த்து 35 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. 1698இல் முடிக்கப்பட்ட அந்தச் சிலையின் உள்ளே ஏறிப் பார்க்கலாம். நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலையை வடித்த பர்தோல்தி, இதன் கட்டுமானத்தை வந்து ஆராய்ந்து சென்றார்.

ஊருக்குள்ளும் பார்க்க வேண்டியவை உண்டு. தத்துவ அறிஞரும் துறவியுமான அந்தோனியோ ரொஸ்மினி தம் இறுதி ஆண்டுகளைக் கழித்து 1855இல் மறைந்தது ஸ்ட்ரேசாவில்தான். அவர் வாழ்ந்த ஏரிக்கரை இல்லம் இன்று அவருடைய சிந்தனையை ஆராயும் மையமாக இருக்கிறது. பெரிய ஹோட்டல்களின் பகட்டுக்கு நடுவே அந்த வீடு அடக்கமாக இருப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இளவரசி மார்கெரித்தாவின் பெயரால் அழைக்கப்படும் வெண்ணெய் பிஸ்கட்டுகள் இங்கே கடைதோறும் கிடைக்கும். அவித்த முட்டையின் மஞ்சள் கரு சேர்த்துச் செய்வது என்பதால், முட்டையும் தவிர்ப்பவர்கள் கேட்டு வாங்கவும்.

கடைசியாக எழுதினாலும், கட்டுரையில் உடனே திருத்த வேண்டியது ரோப்கார் பற்றிய வரிதான். ஊருக்குப் பின்னால் 1491 மீட்டர் உயரத்துக்கு எழும் மொத்தரோனே மலைக்கு 1911 முதல் 1963 வரை பற்சக்கர ரயில் ஓடியது; 1970இல் அதன் இடத்தில் ரோப்கார் வந்தது. 2021 மே 23, ஞாயிற்றுக்கிழமை, உச்சி நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்த பெட்டியின் இழுவை வடம் அறுந்தது. அப்படி நேர்ந்தால் பெட்டியைத் தாங்கும் வடத்தில் பிடித்து நிறுத்த வேண்டிய அவசரகாலப் பிரேக் செயல்படாதபடி முன்கூட்டியே தடுத்து வைக்கப்பட்டிருந்தது என்பது விசாரணையில் வெளிவந்தது. பெட்டி பின்னோக்கிப் பாய்ந்து கீழே விழுந்ததில் 14 பேர் இறந்தார்கள். ஒரு குழந்தை மட்டுமே பிழைத்தது. அன்றோடு அந்தச் சேவை நிறுத்தப்பட்டது. இவ்வளவு பெரிய துயரம் நடந்த இடத்தை, 'குதூகலமான ரோப்கார் சவாரி' என்று பழைய கையேடு எதிலிருந்தோ எடுத்து எழுதுவது, இறந்தவர்களுக்கும் அந்த ஊராருக்கும் செய்யும் அவமரியாதை. அந்த ஊரில் இதைப் பற்றிப் பேசும்போது இன்றும் குரல் தாழ்ந்துவிடுகிறது. மலைக்குப் போக விரும்புவோருக்குச் சாலை வழி இருக்கிறது. அதன் மேற்பகுதி பொரோமியோ குடும்பத்துக்குச் சொந்தமான கட்டணச் சாலை. வழியில் சுமார் 800 மீட்டர் உயரத்தில் 1934இல் தொடங்கப்பட்ட அல்பீனியா மலைத் தாவரத் தோட்டத்திலிருந்து தீவுகள் மூன்றும் காலடியில் தெரியும். வானம் தெளிந்த நாளில் உச்சியிலிருந்து ஆல்ப்ஸின் மோந்தே ரோசா மலையின் பனிமுகம் கண்ணை நிறைக்கும்.

தங்குவதற்குச் செலவு அதிகம் என்று பலர் தயங்குகிறார்கள். ஏரியைப் பார்த்த பெரிய ஹோட்டல்களில் அது உண்மைதான். ஆனால் ரயில் நிலையத்துக்கும் கரைக்கும் இடைப்பட்ட தெருக்களில் குடும்பத்தினர் நடத்தும் சிறிய விடுதிகள் இருக்கின்றன. ரயிலில் அடுத்த நிலையமான பவேனோவில் இன்னும் மலிவாகக் கிடைக்கும். அறை வாடகையோடு சேராமல், ஒரு நபருக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு யூரோ என்று நகராட்சி வரி தனியே வசூலிக்கப்படும். அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இரண்டு நாட்களுக்கு மேல் தங்க முடிந்தவர்கள், படகில் ஏரியின் வடகோடியில் உள்ள ஸ்விட்சர்லாந்தின் லொகார்னோவுக்குச் சென்று, அங்கிருந்து 1923இல் திறக்கப்பட்ட சென்தோவல்லி மலை ரயிலில் தோமோதோசோலா வந்து, வேறு ரயில் மாறி ஸ்ட்ரேசாவுக்குத் திரும்பலாம். ஷெங்கன் விசா இரண்டு நாடுகளுக்கும் செல்லும். பாஸ்போர்ட் மட்டும் கையில் இருக்க வேண்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். தீவுகளின் மாளிகைகளும் தோட்டங்களும் ஏறத்தாழ மார்ச் பிற்பகுதியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை மட்டுமே திறந்திருக்கும். குளிர்காலத்தில் பெரிய ஹோட்டல்களில் பலவும் மூடிவிடும், படகுகளும் குறைந்துவிடும். கட்டுரை இதைக் குறிப்பிடாததால், டிசம்பர் விடுமுறையில் போகத் திட்டமிடும் வாசகர்கள் பூட்டிய கதவுகளைப் பார்த்துவிட்டுத் திரும்ப நேரிடும். வசந்தகால அசேலியாவுக்கு ஏப்ரல், மே மாதங்களும், கூட்டம் குறைந்த தெளிவான நாட்களுக்குச் செப்டம்பரும் ஏற்றவை. இந்தத் திறப்புக் காலத்தையும் ரோப்கார் பற்றிய திருத்தத்தையும் அடுத்த சுற்றுலாப் பக்கத்திலேயே வெளியிட்டால், இப்போதே விசாவுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கும் வாசகர்களுக்குப் பயன்படும்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டகால வாசகர்